செயினில் சிக்கிய விரல்

ஞாயிறு காலை வாசலில் பைக்கை ஸ்டாண்டு போட்டு, தொளதொளத்த செயினை டைட் வைத்துக்கொண்டிருந்தேன். மகள் ஓடி வந்து சக்கரத்தில் கை வைத்தாள். "தொடாத!" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போனது.

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவும், செராமிக் கம்பெனியின் வெள்ளைமண் படிந்த கைகளோடு, இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஸ்பேனரை எடுக்க அவர் திரும்பியபோது நான் விளையாட்டாகச் சக்கரத்தைச் சுற்றினேன். குனிந்து செயினைத் தடவிக்கொண்டிருந்த தங்கையின் விரல்நுனி பல்சக்கரத்தில் நசுங்கியது. அலறி ஓடி வந்த அம்மாவிடம், "நான்தான் சுத்திட்டேன்" என்றார் அப்பா. நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. இன்று தங்கைக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

"கடைசி வரைக்கும் அவரத்தானக்கா குத்திக் காட்டினேன்," என்றாள். "அவரு இருக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதா?"