மணிக்கு ஒரு வசனம்

டைப்ரைட்டிங் சொல்லிக் குடுக்கற பொழப்புல ஒரு விசேஷம் என்னன்னா, ஒருத்தராவது ஒண்ணை முழுசா அடிச்சு முடிச்சு நீங்க பாக்கவே முடியாது. பாதி வரியில மணி அடிச்சுரும், எந்திரிச்சுப் போயிருவாங்க.

தமிழ், மலையாள எல்லையோரம் பெருமாட்டிப் பக்கத்துல, ஒரு புண்ணாக்குக் கடைக்கு மேல்மாடியில இருந்த இன்ஸ்டிட்யூட்டுல நான் மாஸ்டர். தமிழ் மெஷின், இங்கிலீஷ் மெஷின், மலையாள மெஷின் எல்லாம் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட்ச். கதவோரம் ஒரு வெங்கல மணி தொங்கும். அதை நான் அடிச்சேன்னா, எந்த எழுத்துல இருந்தாலும் கையை எடுத்துரணும், பேப்பரை உருவிரணும், ஸ்டூலை மேஜைக்கடியில தள்ளிட்டு வெளிய போயிரணும். அடுத்த பேட்ச் படியில நிக்குமில்லீங்க. இது நான் போட்ட சட்டம். அதுல எனக்கு ரொம்பப் பெருமை.

இதைப் படிக்கற உங்க வீட்டு அலமாரியிலயும் மூணாவது அத்தியாயத்துல மூச்சு நின்ன நாவல் ஒண்ணு கெடக்கும். வெக்கப்படாதீங்க, நாமெல்லாம் ஒரே சாதி. என்னுது அஞ்சு அங்க சரித்திர நாடகம். ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு மேடையேத்தறேன்னு எல்லார்கிட்டயும் வாயை விட்டுட்டேன். என் தாய்மாமன் அதைப் பிடிச்சுக்கிட்டார். இந்த நோம்பிக்கு நாடகம் மேடையேறினா நான் எழுத்தாளன், என் இஷ்டத்துக்கு விட்டுருவார். ஏறலைன்னா, மலைமேல கம்பம்மெட்டுல அவரோட சிநேகிதர் ஏலக்காய்க் கடைக்குக் கணக்கெழுதப் போயிரணும். அப்பறம் நாடகம் கீடகம்னு பேச்சே இருக்கக் கூடாது.

யளனகபக

அஞ்சு அங்கம்னு நெனச்சு நெனச்சே ஒரு வரிகூட எழுதாம நாளைத் தள்ளிட்டிருந்தேன். அப்பத்தான் ஒரு நாள், புதுசா வந்த பையன் ஒருத்தன் விரல் பழகற மொதப் பாடமான யளனகபக, யளனகபகன்னு அடிச்சுட்டிருக்கறதைப் பாத்தேன். சட்டுனு பொறி தட்டுச்சு. மொதல் நாளே எவனாவது கலெக்டருக்கு மனு அடிக்கறானா? மொதல்ல விரல், அப்பறம் எழுத்து, அப்பறம் வார்த்தை, அப்பறம் வரி. நாடகமும் அதே தானுங்களே. முழு நாடகத்தை எவன் எழுதச் சொன்னான்? ஒரு பேட்சுக்கும் அடுத்த பேட்சுக்கும் நடுவுல ஒரே ஒரு வசனம். மணிக்கு ஒரு வசனம். எனக்கு அன்னைக்குச் சோறே எறங்கலை, அவ்வளவு சந்தோசம். கீழ புண்ணாக்கு வாங்க வந்தவங்ககிட்டகூட இந்த முறையை விளக்கிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். ஒரு வசனம் எழுதுவேன். அடுத்த மணிக்கு அதைப் படிச்சா சப்புனு இருக்கும். கிழிச்சுப் போட்டுட்டு அதையே திருப்பி எழுதுவேன். ருக்மணின்னு ஒரு புள்ள, தென்னந்தோப்புக்காரர் பொண்ணு, ஹையர் பரீட்சைக்காக வந்துட்டிருந்துச்சு. விரல் எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். குப்பைக் கூடையை ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுச் சொல்லுச்சு: "மாஸ்டருங்க, ஒவ்வொரு செங்கல்லா வெச்சு ஊடு கட்டலாமுங்க, தப்பில்லீங்க. ஆனா நேத்து வெச்ச செங்கல்லை உருவித்தானுங்க நீங்க இன்னைக்கு வெக்கறீங்க."

ராஜா உக்கார்ற காட்சி

கிழிக்கறதை விட்டுட்டேன். படியை இன்னும் சின்னதாக்கினா தப்பே வராதுன்னு தோணுச்சு. ராஜா சபைக்கு வர்றார்னு ஒரே வரியில எழுதறது பேராசையில்லீங்களா? அதனால ராஜா எந்திரிக்கிறார், அது ஒரு மணிக்கு. மீசையைத் தடவறார், அது இன்னொரு மணிக்கு. வாசப்படியைப் பாக்கறார், நாட்டை நெனச்சுப் பெருமூச்சு விடறார், ஒரு காலை எடுத்து வெக்கறார். பக்கம் சேந்துட்டே போச்சு. மொத அங்கம் இவ்வளவு தடிமன்னு விரலால அளந்து காட்டிட்டுத் திரிஞ்சேன். ராஜா மட்டும் இன்னும் சிம்மாசனத்துக்கு வந்து சேரலை.

அந்தச் சமயத்துல கருப்புசாமின்னு ஒரு பெரிய பண்ணையக்காரர் பத்திரம் டைப் பண்ணிக்க வந்தார். நெலத்துக்கு உச்சவரம்புச் சட்டம் வந்த நேரம். இருக்கற காட்டையெல்லாம் மகன் பேர்ல, மருமகன் பேர்ல, கல்யாணமே ஆகாத பேரனுக்கு வரப்போற சம்சாரம் பேர்லன்னு பிரிச்சு எழுத, ஊரே எங்க படி ஏறிட்டிருந்துச்சு. நான் மெஷினைத் தொடைக்கற நேரத்துல அவர் ராஜாவை எடுத்துப் படிச்சுப் பாத்தார். "ஏனுங் தம்பி, இந்த ராஜாவுக்கு மொழங்கால் வலியுங்களா?"ன்னு கேட்டார். இல்லீங்க, இது ஒரு முறைன்னு என் தத்துவத்தை மொதல்ல இருந்து விளக்கினேன். பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னார்: "நாங்களுந்தான் துண்டு துண்டாப் பிரிக்கறோம் தம்பி. ஆனா எந்தத் துண்டை எடுத்தாலும் எங்க களத்துக்கு வந்து சேர்ற மாதிரிப் பிரிக்கறோம். உங்க ராஜா எங்கீங்க போறாரு?"

(இருங்க, கூப்பிடறாங்க. போயிட்டு வந்துடறேன். எங்க இருந்து அடிக்கறேன்னு கேக்காதீங்க, கடைசியில சொல்றேன்.)

செத்த மந்திரி

நோம்பி சாட்டி அறிவிக்கறதுக்குள்ள முழு நாடகத்தையும் கோயில் கமிட்டி கையில குடுக்கணும். இல்லைன்னா கோயமுத்தூர்ல இருந்து போன வருசத்து நாடக செட்டையே கூட்டிட்டு வந்துருவாங்க. நாள் நெருங்குது, ராஜா நடந்துட்டே இருக்கார். அப்பத்தான் இன்னொரு பொறி. பெரிய வேலையைப் பிரிச்சா மட்டும் போதுமா? ஆளையும் பிரிக்கணுமில்ல? எங்கிட்டத்தான் பேட்ச் பேட்சா ஆளுக இருக்காங்களே.

ஆளுக்கொரு சின்னச் சீட்டு எழுதிக் குடுத்தேன். உனக்குக் காதல், உனக்குச் சதி, உனக்குப் போர். வேகப் பயிற்சிக்குப் பதிலா இதை அடிங்கடான்னேன். அடிச்சாங்க. அடாடா, என்ன வேகம். சின்னச்சாமின்னு ஒருத்தன், வாளையார்ல குமஸ்தா வேலைக்கு எழுதிப் போட்டுட்டுக் காத்துட்டிருந்தவன், ஒரே மணியில மந்திரியைக் குத்திக் கொன்னு எரிச்சுச் சாம்பலையும் ஆத்துல கரைச்சுட்டான். அதுக்கடுத்த பேட்ச் எழுதின கல்யாணக் காட்சியில அதே மந்திரி மாலை போட்டுட்டு ஆசீர்வாதம் பண்றார். ஏண்டா இப்படின்னு சின்னச்சாமியைப் பிடிச்சு உலுக்கினேன். அவன் கொஞ்சங்கூட அசராம சீட்டை எடுத்து நீட்டினான்: "மந்திரி சாகணும்னுதானுங் மாஸ்டர் எழுதியிருக்கு. செத்ததை மத்த பேட்சுக்காரங்ககிட்டச் சொல்லோணும்னு இதுல எங்கீங்க இருக்கு?"

கோந்து

பேப்பர் மலை மாதிரி குவிஞ்சுருச்சு. எல்லாக் காட்சியும் பாதி வார்த்தையில நிக்குது, மணி அடிச்சதும் பேப்பரை உருவிட்டாங்களே. எது மொத, எது கடைசின்னு எனக்கே புரியலை. நான் தலையில கைய வெச்சுட்டு உக்காந்துட்டேன். ருக்மணி கத்தரியும் கோந்தும் எடுத்துட்டு வந்து தரையில சம்மணம் போட்டுச்சு. மந்திரியை எப்பச் சாகடிக்கறதுன்னு அதுவே முடிவு பண்ணுச்சு. பாதியில நின்ன வசனத்தையெல்லாம் பென்சில்ல முடிச்சுது. என் ராஜா நடந்து வந்த பக்கம் அத்தனையையும் வெட்டிப் போட்டுட்டு, ராஜா உக்காந்திருக்கார்னு ஒரு வரி எழுதுச்சு. எனக்கு உசுரே போச்சு. ஆனா கதைன்னு ஒண்ணு அப்பத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அதைச் சொல்லலாமா? நான் மாஸ்டர். சொல்லலை. காகிதம் கோணலா ஒட்டியிருக்குன்னு மட்டும் சொன்னேன்.

கமிட்டித் தலைவர் ஆறுச்சாமி வந்தார். அவருக்குப் படிக்கற வழக்கம் கெடையாது, தலைவர் எதுக்குப் படிக்கணும்? ஒட்டின காகிதச் சுருளை ரெண்டு கையிலயும் ஏந்தி, பருத்தி மூட்டையைத் தூக்கிப் பாக்கற மாதிரி மேலயும் கீழயும் ஆட்டிப் பாத்தார். அப்பறம் தலையை ஆட்டினார்: "கனம் இருக்குது தம்பி. கதை இருக்குதான்னு நோம்பியன்னைக்கு அம்மன் பாத்துக்குவா."

ராஜா போன போக்கு

நடிக்க வேற எவன் வருவான்? பேட்சுக்காரங்களேதான் நடிகருக. ஒத்திகையும் அந்தந்த பேட்ச் நேரத்துல, அதே மணிக்கு ஆரம்பிச்சு அதே மணிக்கு நிப்பாட்டறதுதான். சின்னச்சாமி ராஜா. பொம்பளைப் புள்ளைக மேடையேறக் கூடாதுன்னு கமிட்டி சொன்னதால, ருக்மணி படுதாவுக்குப் பின்னாடி உக்காந்து வசனம் எடுத்துக் குடுக்கும். பாட்டுக்காரருக்கு வெச்ச மைக்கு அது பக்கத்துலயே நின்னுச்சு.

கூட்டம்னா கூட்டம். முன்வரிசையில எங்க மாமன் கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கார். படுதா தூக்கினாங்க. மேடையில எங்க இன்ஸ்டிட்யூட் மேஜை, சிம்மாசனம்னா எங்க ஸ்டூலுதான். சின்னச்சாமி சிம்மாசனத்துல உக்காந்து, "இந்த மண்ணை ஆளும் உரிமை எனக்கே உண்..." அப்பப் பாத்து, எதுத்தாப்புல கோயில்ல பூசாரி தீபாராதனைக்கு மணி அடிச்சார். சின்னச்சாமி வாயை மூடினான். எந்திரிச்சான். சிம்மாசனத்தை ஒழுங்கா மேஜைக்கடியில தள்ளினான். வெளிய போயிட்டான். தளபதி, சேவகனுக எல்லாம் அவன் பின்னாடியே வரிசையா. அந்தப் பக்கமிருந்து அடுத்த பேட்ச் உள்ள வந்து, கல்யாணத்தை ஆரம்பிச்சாங்க. பூசாரி மறுபடி அடிச்சார். பொண்ணு மாப்பிள்ளையும் போயிட்டாங்க. இப்படியே அஞ்சு அங்கமும் வந்துச்சு, போச்சு. தீபாராதனை முடிஞ்சப்ப மேடையில வெறும் மேஜைதான் இருந்துச்சு. நடிச்சவனெல்லாம் பழக்கதோசத்துல ஊட்டுக்கே போயிட்டிருந்தான். கூட்டம் வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிக்குது. நான் படுதாக் கயித்தைப் பிடிச்சுட்டு, பூமி பிளந்தா எறங்கிரலாம்னு நிக்கறேன்.

அப்ப மைக்குல ஒரு குரல். "எனக்கே உண்டு." ருக்மணி. எதுவுமே நடக்காத மாதிரி, ராஜா விட்ட எடத்துல இருந்து ஆரம்பிச்சுது. ராஜாவுக்கு ஒரு குரல், ராணிக்கு ஒரு குரல், சாகற மந்திரிக்கு ஒரு குரல். சிரிச்சுட்டிருந்த சனம் மெதுவா அடங்கிருச்சு. காலி மேடையையே பாத்துட்டு, ரேடியோ நாடகம் கேக்கற மாதிரி கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டாங்க. முடிஞ்சப்ப ரெண்டு மூணு பேர் கண்ணைத் தொடச்சாங்க. ஆறுச்சாமி என் தோள்ல கையைப் போட்டார்: "நாடகம் அருமை தம்பி. அடுத்த வருசம் அந்தப் புள்ளயும் மைக்கும் போதும், வேற எதும் வேண்டாம். நீங்களும் சிரமப்படாதீங்க."

மாமன் தீர்ப்பு

ஊரே கேட்டுச்சே, கை தட்டினாங்களே, அப்ப மேடையேறின மாதிரிதானேன்னு மாமன்கிட்ட வாதாடிப் பாத்தேன். அவர் பஞ்சாயத்துல உக்காந்து பழகினவர். வெத்தலையை நிதானமா மென்னுட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "நாடகத்துல குத்தமில்ல மாப்ள. ஆனா மேடையில ஆளே இல்ல. ஏறினவனெல்லாம் எறங்கிட்டான். பெட்டியைக் கட்டு."

கட்டினேன். அந்த மாசமே ருக்மணி ஹையர் பாஸ் பண்ணுச்சு. இன்ஸ்டிட்யூட் ஓனர் என் நாற்காலியை அதுக்கே குடுத்துட்டார். விடைபெறப் போனப்ப, அது மொதக் காரியமா அந்த வெங்கல மணியைக் கழட்டி வெச்சிருந்துச்சு. அப்ப பேட்ச் எப்படி முடியும்னு கேட்டேன். "அடிச்சு முடிச்சவங்க எந்திரிச்சுப் போவாங்க மாஸ்டருங்க. அதுக்கெதுக்கு மணி?"

கம்பம்மெட்டு

இப்ப நான் உக்காந்திருக்கறது கம்பம்மெட்டு ஏலக்காய்க் கடை. சன்னலைத் தெறந்தா மூடுபனி மஞ்சு உள்ள வந்து மெஷின் மேல உக்காந்துக்குது. கீழ கம்பம் டவுன் வியாபாரிகளுக்குக் கடுதாசி அடிக்க ஒரு பழைய தமிழ் மெஷின் வெச்சிருக்காங்க. சாக்குக்கும் சாக்குக்கும் நடுவுல இதை ஒவ்வொரு வரியா அடிக்கறேன். ஆமாங்க, பழைய முறைதான். முறையில தப்பில்லைன்னு நான் இன்னும் நம்பறேன்.

முதலாளி சேவியர்தான் மாமனோட சிநேகிதர், திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். கணக்கெழுதறதோட, காயைச் சலிச்சுப் பெருசு, நடுத்தரம், பொடின்னு தரம் பிரிக்கறதும் என் வேலை. ஆர்வத்துல ஒவ்வொரு தரத்தையும் இன்னும் நாலாப் பிரிச்சு, சின்னச் சின்னக் குவியலாப் போட்டுட்டிருந்தேன். கடையில கால் வெக்க எடமில்லை. வாசல்ல லாரிக்காரன் ஆரன் அடிக்கறான். சேவியர் குவியல்களை ஒவ்வொண்ணாத் தாண்டித் தாண்டி என்கிட்ட வந்து நின்னார். "ஏம்ப்பா, பிரிக்கது நல்லாத்தான் பிரிக்க. மூட்டைய எப்பப்பா தைக்கப் போற?"

எதைக் குடுத்தாலும் பொடிப்பொடியாப் பிரிக்கறதுல இன்னைக்கும் என்னை அடிச்சுக்க ஆளில்லைங்க, ஒட்டத் தெரிஞ்ச ஆள்தான் பெருமாட்டியிலயே தங்கிருச்சு.