தட்டிக்கு அந்தப் பக்கத்து டீச்சர்

தாட்சாயிணி டீச்சர் பாடம் நடத்தும்போது வாய் மூன்றாம் வகுப்பு 'அ' பிரிவில் இருக்கும். காது மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் 'ஆ' பிரிவில் இருக்கும். "காத்து எல்லாப் பக்கமும் அழுத்தும். எங்கே, எல்லாரும் சொல்லு" என்பார். பிள்ளைகள் ராகம் போட்டு இழுப்பார்கள். அந்த நேரம் பார்த்துத் தட்டிக்கு அப்பால் கொல்லென்று சிரிப்பு எழும். டீச்சர் கையிலிருக்கும் சாக்பீஸ் பட்டென்று உடையும்.

ஆவடி சேக்காட்டில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் கலந்து படிக்கிற பள்ளிக்கூடம் அது. டீச்சரைக் குறை சொல்ல முடியாது. மணி அடிக்குமுன் வகுப்பில் இருப்பார். கஞ்சி போட்ட புடவை சாயங்காலம் வரை கசங்காது. காந்தம், நிழல், மிதப்பது, மூழ்குவது எல்லாமே கரும்பலகையில் படமாக வந்துவிடும்; அம்புக்குறி மட்டும் கலர் சாக்பீஸில். "படம் போட்டாச்சு, எழுதிக்கோ. தண்ணியக் கொட்டி விளையாடறதுக்கா ஸ்கூலு?" போன ஜூன் வரை இதற்கு யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

ஜூனில் 'ஆ' பிரிவுக்கு வடிவு டீச்சர் வந்து சேர்ந்தார். நேற்று டிரெயினிங் முடித்த பெண். பையில் சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, பலூனும் மெழுகுவர்த்தியும் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தமும் இருக்கும். ஆயா முத்தம்மாள்கூட வேலையை விட்டுவிட்டுத் தட்டி ஓரம் நிற்கிறாள்.

"அந்தாண்ட ஒரே குஷாலா கீது டீச்சர். தண்ணி டம்ளர அட்டயால மூடித் தலகீயா புடிச்சிகினு நிக்குது அந்தப் பொண்ணு, ஒரு சொட்டு சிந்தல!"

"அட்டையை ஒட்டவச்சிருப்பா" என்றார் தாட்சாயிணி டீச்சர்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? ஊரார் பிள்ளைகள் யாரைக் கொண்டாடினாலும் டீச்சருக்குச் சோறு இறங்கும். ஆனால் பெற்ற மகள் புஷ்பாவும் வடிவு டீச்சர் வகுப்பில்தான் இருக்கிறாள். டீச்சர் பிள்ளை அம்மாவிடமே படிக்கக் கூடாது என்பது ஹெட்மாஸ்டர் போட்ட சட்டம். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் "எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும்" என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள், இப்போது செருப்பைக் கழற்றும்போதே "எங்க டீச்சர் இருக்காங்களே..." என்று ஆரம்பித்துவிடுகிறாள்.

"நானும் டீச்சர்தான்டி" என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"இல்லம்மா, நீ அம்மா" என்றது பிள்ளை.

போன ஞாயிற்றுக்கிழமை புஷ்பா விளையாடப் போயிருந்தாள். டீச்சர் சமையலறையில் டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையால் மூடி, கவிழ்த்தார். கையை எடுத்ததுதான் தாமதம், அத்தனையும் புடவையில். மறுபடி கவிழ்த்தார். அதுவும் புடவையில். பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் நிரப்பிவிட்டு நிமிர்ந்தால், வாசற்படியில் புஷ்பா.

"ஐயே, நெளிஞ்ச எவர்சில்வர் டம்ளர்ல நிக்காதும்மா. சந்துல காத்து பூந்துடும். கண்ணாடி டம்ளர் எடு."

அவளே எடுத்து, நிரப்பி, மூடி, கவிழ்த்தாள். மெதுவாகக் கையை விலக்கினாள். அட்டை அப்படியே நின்றது. அந்தப் பாடத்தை வருஷா வருஷம் ஒப்பிக்கவைத்த டீச்சர், அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"கீழேருந்து காத்து தள்ளுதும்மா, அதான். எங்க டீச்சர்கிட்ட உனக்கும் சொல்லித்தரச் சொல்லட்டுமா?" என்றாள் புஷ்பா, முகமெல்லாம் சிரிப்பாக.

டீச்சர் கையை நீட்டி, அட்டையின் மூலையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.