ரம்பச் சத்தத்துக்குள் பாடியது

பக்கத்து ஷெட்டில் ரம்பம் ஓடத் தொடங்கினால் நான் பாட உட்காருவேன். மதியச் சாப்பாடு முடிந்து மர மில்லில் மெஷினைப் போட்டதும், இரண்டு ஷெட்டுக்கும் நடுவே இருக்கிற தகரச் சுவர் அதிரும். அந்த நேரத்தில் எங்கள் கேலரிக்கு யாரும் வரமாட்டார்கள். என் கணவர் பின்பக்கம் உளியோடு இருப்பார். நான் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, எனக்கே சரியாகக் கேட்காத பாட்டைப் பாடுவேன். கேட்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

கேலரி மூக்கண்டப்பள்ளியில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. முன்பு அது குடோன். என் கணவர் பல வருஷம் ஒரு கம்பெனி டூல் ரூமில் இரும்போடு மல்லுக்கட்டியவர். ஒரு நாள், இரும்பு போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். திருச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மரம் செதுக்கப் போகிறது என்று தெரிந்ததும், புத்தி சொல்ல இரண்டு வீட்டுப் பக்கமிருந்தும் ஆள் கிளம்பியது. வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து அனுப்பியது நான்தான். அவர் செய்வது சரி என்று எனக்கு அப்போதே தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஷிப்ட் பஸ்ஸில் தூங்குகிறவர்களைத்தான் அவர் அதிகம் செதுக்குவார். ஜன்னலில் தலை சாய்த்த பெண், அடையாள அட்டை கழுத்தில் தொங்க வாயைத் திறந்தபடி தூங்குகிற ஆள், ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து கிடக்கிற இரண்டு பேர். வேம்பு, பலா, மெஷின் வந்து இறங்கிய பெட்டிகளின் பைன் பலகை என்று கிடைத்த மரத்தில் செய்வார். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து கார் வரும். "எஷ்டு?" என்று கன்னடத்தில் விலை கேட்டுவிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரர்கள் பூஜை அறைக் கதவு செய்வீர்களா என்பார்கள். ஒருவர் தூங்குகிற பெண்ணின் தலையை வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் சட்டை மாட்டலாமா என்று கேட்டார். "மாட்டுங்க, அவ முழிச்சுக்கிட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றேன். அன்று சாயங்காலம் முழுக்க, வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று என் கணவர் எனக்கு வகுப்பெடுத்தார்.

கண்காட்சி தொடங்குகிற நாளிலெல்லாம் கச்சேரியும் உண்டு. மேடை கிடையாது. சிற்பங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஜமக்காளம் விரிப்போம். மத்திகிரியிலிருந்து ஒரு புல்லாங்குழல்காரர் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வருவார். தெலுங்கில் பாடுகிற டீச்சர் ஒருவர் உண்டு. ஆனால் முதல் பாட்டு எப்போதும் என்னுடையது. அதைக் கேட்பதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன், யாரும் மறுத்ததில்லை.

பிறகு கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு ஆபரேஷன். பேச்சுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னார், ஆகவும் இல்லை. பேசினேன், காய்கறிக்காரரிடம் பேரம் செய்தேன், வீட்டில் சண்டை போட்டேன். மேல் ஸ்தாயிக்குப் போனால் மட்டும் குரல் ஓரிடத்தில் நின்று வெறும் காற்றாகிவிட்டது. தினம் முயன்று பார்த்தேன், தினம் அதே இடத்தில் நின்றது.

"சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பாடிப் பாரேன்" என்றார் என் கணவர், ஒரே ஒரு முறை.

"குழம்புல உப்பு இல்லைன்னா சொல்லுங்க. சுருதியைப் பத்திப் பேசாதீங்க" என்றேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்து நான் பாடுகிற சுருதி அது. இறக்கினால், போனது போனதுதான் என்று நானே ஒப்புக்கொள்வதாக ஆகும். எனக்கு அதில் இஷ்டமில்லை. அடுத்தடுத்த கண்காட்சிகளில் முதல் பாட்டை டீச்சர் பாடினார், நான் டீ கொடுத்தேன்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கொஞ்ச நாளில்தான் பக்கத்து ஷெட்டுக்கு மர மில் வந்தது. நடத்துகிறவர் கிருஷ்ணகிரிப் பக்கத்து மர வியாபாரிக் குடும்பத்துக்காரர், சந்தில் எல்லோருக்கும் அவர் பாய். என்னைவிட வயதில் மூத்தவர், ஆனால் என்னை அக்கா என்பார். மில் தொடங்கும் முன்பே வந்து, "வரப்போற சத்தத்துக்கு இப்பவே மன்னிச்சுக்கங்கக்கா" என்றார். எனக்கு மன்னிக்க எதுவும் இருக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள் உடைகிற இடம் எனக்கே தெரியாமல் பாட முடிந்தது. பழைய குரல் அப்படியே இருப்பதாக மதியம் மட்டும் நினைத்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் பஸ் தூக்கக்காரர்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் வைத்துப் பெரிய கண்காட்சியாகச் செய்ய முடிவானது. என் கணவர் சொன்னார்: "நீ முதல்ல பாடு. நீ பாடலைன்னா பாட்டே வேணாம், மரம் மட்டும் இருக்கட்டும்." ஏதோ ஒரு தைரியத்தில் சரி என்றேன். அன்றைக்கு முடியவில்லை என்றால் இனி ஆட்கள் முன்னால் உட்காருவதே இல்லை என்று மனதுக்குள் முடிவும் செய்துகொண்டேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

நான் பாடப்போகிற விஷயத்தை அவர் பாயிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். மறுநாள் மதியம் மில் ஓடவில்லை. கரண்ட் இல்லையோ என்று பார்த்தால் எங்கள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் சாதகம் செய்வதற்காக மெஷினை நிறுத்தி வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. சுருதிப் பெட்டியைப் போட்டு ஒரு வரி பாடினேன். அந்த அமைதியில் என் குரல் முழுசாகக் கேட்டது. அவ்வளவுதான், பெட்டியை அணைத்துவிட்டேன்.

அடுத்த நாளும் நிறுத்தினார். அதற்கடுத்த நாளும் நிறுத்தினார். வேலையாட்கள் அறுக்கக் கிடக்கும் மரங்கள் மேல் உட்கார்ந்துகொண்டு எங்கள் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வேலையை நிறுத்தி மரியாதை செய்கிற மனுஷனிடம் போய், தயவுசெய்து சத்தம் போடுங்கள் என்று எப்படிச் சொல்வது? ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் எரிச்சல். எரிச்சலை வழக்கம்போல என் கணவர் மேல் காட்டினேன்.

கடைசியில் பாயே வந்தார். வாசலில் நின்றபடி, "அக்கா, ஒண்ணு கேக்கணும். நாங்க மெஷினை நிறுத்துனது தப்பாயிடுச்சா? பாட்டே காணோமே" என்றார்.

"தப்பில்ல பாய். நிறுத்தாதீங்க, ஓடட்டும்."

"ஓடுனா உங்க பாட்டுக்குத் தொந்தரவாச்சே?"

சொல்லிவிட்டேன். "ஓடுனாதான் எனக்குப் பாட்டு வருது. ஆபரேஷன்ல என் குரல் போயிடுச்சு பாய். யாருக்கும் கேக்காதுன்னுதான் உங்க சத்தத்துக்குள்ள பாடிக்கிட்டிருந்தேன்."

அவர் முழித்தார். "கேக்காதா? தெனமும் கேட்டுக்கிட்டுதானே இருந்தம்! ஒரு மரம் அறுத்து முடிச்சு, அடுத்ததை ஏத்தற வரைக்கும் பிளேடு சும்மாதான சுத்தும்? அப்பக் கேக்கும். பசங்க அதுக்குன்னே மெதுவா ஏத்துவானுங்க. நான் திட்டுவேன், அப்புறம் நானும் நின்னு கேப்பேன்."

எனக்கு முகம் சுட்டது. கண்ணை மூடிப் பாடுகிற மும்முரத்தில் அந்த இடைவெளிகளை நான் கவனித்ததே இல்லை. அத்தனை மதியங்களும் இந்த ஆட்களுக்கு நான் உடைந்து உடைந்து பாடியிருக்கிறேன். "நல்லா இருந்திருக்காதே" என்றேன்.

"பாட்டைப் பத்தி எனக்கென்ன தெரியும்? குரல் போயிடுச்சுங்கறீங்க. எந்தக் குரலு அக்கா? எங்களுக்குத் தெரிஞ்ச குரலு இது ஒண்ணுதான்."

அவர் ஆறுதலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அன்று ராத்திரி வரை அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. நான் இன்னொரு குரலைக் காதில் வைத்துக்கொண்டு இதை அளந்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அளவுகோலே இல்லை. அங்கே ஒரு பெண் பாடினாள், அவர்கள் கேட்டார்கள். இவ்வளவு யோசித்தும், கச்சேரியில் எனக்கு வாசிக்கிற வயலின்காரரிடம் பழைய சுருதியையே சொல்லிவைத்தேன். வீம்பு அவ்வளவு லேசில் போகாது.

கண்காட்சி நாளில் கூட்டம் பரவாயில்லை. ஜமக்காளம் நிறைந்து, சுவரோரத்தில் சிலர் நின்றார்கள். பாயும் அவருடைய ஆட்களும் துவைத்த சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வயலின்காரர் பழைய சுருதியில் வில்லைப் போட்டார். என் கணவர் என்னைப் பார்க்க முடியாமல் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"சுருதியை இறக்குங்க" என்றேன்.

வயலின்காரர் தந்தியைத் தளர்த்தினார். "போதுமா?"

"இன்னும்."

கூட்டத்தில் சின்ன சலசலப்பு எழுந்தது. அவர் நிதானமாக இறக்கிக்கொண்டே போனார். நான் சாதாரணமாகப் பேசுகிற இடத்துக்கு அது வந்தபோது, நிறுத்தச் சொல்லிவிட்டுப் பாடினேன். ஓரிரு இடத்தில் கரகரத்தது. மேலே போகிற இடத்தில் பயந்தேன், ஆனால் போய்விட்டுத் திரும்பினேன். நிறைய நாளைக்குப் பிறகு நான் பாடியது எனக்கு முழுசாகக் கேட்டது, கேட்டுக்கொண்டே பாட முடிந்தது. சந்தோஷமாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு சிற்பங்களை இடத்தில் வைத்துக்கொண்டிருந்தோம்.

"எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நல்லா இருந்துச்சு." பிறகு, "வேற யாரோ பாடற மாதிரி இருந்துச்சு" என்றார். ஜமக்காளத்தை உதறி மடித்தார். "அந்தக் குரல் இனிமே வராதுல்ல?"

போனது என்னுடையது மட்டும் என்றே நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்த குரல் அது. அவருக்கும் அது போயிருக்கிறது. அதை அவர் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லாதபடி நான் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

"வராது" என்றேன். "இனிமே இதுதான். பழகிக்கங்க."

"பழகிக்கறேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கும் குரல் சரியாக வரவில்லை.