கோடை முடிந்ததென்று அக்கா சொன்னார்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டின் மூத்தவராகப் பிறந்த அக்கா, அப்பா தவறியபின் ஓமானின் சோஹாருக்கு எழுதுவினைஞராக வந்தார். என்னைப் படிப்பித்து, வேலையும் தேடித் தந்து, தன்னுடனேயே வைத்துக்கொண்டார். அவர் பொறுமைசாலி என்பதை எல்லோரும் அறிவீர்கள். கோடை விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை அவரிடம் இருந்ததில்லை.

சோஹாரில் கோடைக்குக் குழாய்த் தண்ணீர் கொதிக்கும். ஹீட்டரை நிறுத்தி, அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரில்தான் குளிப்போம். ஆவணி பிறந்ததும் அக்கா தினமும் விடியவே குழாயடியில் விரலை நீட்டிப் பார்ப்பார். சுடாவிட்டால், கோடை முடிந்ததென்று அறிவித்து ஏசியையும் நிறுத்திவிடுவார். மத்தியானம் கெஞ்சி மறுபடி போடுவிப்பது என் வேலை.

ஒரு வருடம் மஸ்கட்டிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் மகளுடன் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலை எங்கள் கட்டடத்தின் முன் புல்லில் வெக்கை தணியும் காலத்தில் வந்திறங்கும் கொண்டலாத்திப் பறவை ஒன்று மேய்ந்தது.

"தம்பி, கடற்கரையில வைச்சுப் பேசுவம். காலம் மாறிட்டுது."

"அக்கா, வெக்கை இன்னும் போகேல்லை."

"கொண்டலாத்திக்குத் தெரியாததே உனக்குத் தெரியும்?"

பின்னேரம் நாலு மணிக்குப் பாய் விரித்தோம். ஓர் இலைகூட அசையவில்லை. கேக்கின் ஐசிங் தட்டில் ஓடியது. பெண்ணின் தாயார் கடதாசித் தட்டால் விசிறினார். மூக்கு நுனியில் வேர்வை சொட்ட, அக்கா, "நல்ல காத்து, என்ன?" என்றார். சம்பந்தம் அதோடு போயிற்றென்றே நினைத்தேன்.

பெண்ணின் தகப்பனார் எழுந்தார். "காருக்குள்ள இருந்து கதைப்பம்."

பெரியவர்களும் பலகாரப் பெட்டிகளும் அவர் காரை நிறைத்துவிட, இடமில்லாமல் பெண்ணும் நானும் எங்கள் காரில் இருந்தோம். ஒரு மணி நேரம் தனியே கதைத்தோம். வீட்டில் வைத்திருந்தால் ஐந்து நிமிடமும் கிடைத்திராது. அவரே இன்று என் மனைவி. "நான் காலநிலை பார்த்துத்தான் வைச்சனான்" என்று அக்கா கடைசிவரை சொல்லிவந்தார்.

சென்ற ஆவணியில் அவர் மருத்துவமனையில் இருந்தார்.

"வெளியில எப்பிடி?"

"குளிர்ந்திட்டுது அக்கா. காத்தும் வருது."

"பொய் சொல்லாதை. உன்ர சேட்டைப் பார், வேர்த்து நனைஞ்சு கிடக்குது, கடலுக்குள்ள விழுந்தவன் மாதிரி."

அதன்பின் அவரிடம் பொய் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. வைத்தியர் சொன்னதையும் உள்ளபடியே சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

முறை வைத்து அவரருகே இருந்த அலுவலகத் தோழிகளுக்கும், சோறு கொண்டுவந்த அயலவருக்கும் நன்றி. அவர் உடலை ஊருக்கு அனுப்பும் கடதாசிகளுடன் வரிசையில் நின்று அழுத என்னை, "யல்லா, யல்லா" என்று எல்லோரையும் விலக்கி முன்னே விட்ட ஓமானியப் பெரியவரின் பெயர் எனக்குத் தெரியாது. இந்த நினைவு மலர் அவர் கைக்குப் போய்ச் சேராது. அவருக்குரிய நன்றியையும் இங்கேயே வைக்கிறேன்.