பென்சிலால் எழுதிய இரண்டு

அன்று காலை எனக்குப் பரீட்சை மேற்பார்வை. கைத்தொலைபேசியை அதிபரின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் மண்டபத்துக்குள் போக வேண்டும். நண்பகலில் விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்துவிட்டுத் தொலைபேசியைத் திறந்தால், ஒரே எண்ணிலிருந்து ஏழு அழைப்புகள். என்னோடு படிப்பித்த பரீனா டீச்சரின் மகள். திரும்ப எடுத்தேன். “உம்மா விடிய சுபஹ் நேரம் மௌத்தாகிட்டா, டீச்சர். பகல் லுஹர் தொழுகையோட அடக்கம். உங்களுக்குத்தான் முதல் எடுத்தன்” என்றாள்.

கிண்ணியாவில் இருந்த அவர் வீட்டுக்கு ஓட்டோக்காரரை விரட்டிக்கொண்டு போனேன். கிண்ணியாப் பாலத்தில் ஒரு லொறி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒழுங்கையில் இறங்கியபோது ஆண்கள் அவருடைய ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். எங்கள் வீடுகளில் என்றால் தூரத்து உறவுகள் வரும்வரை வைத்திருப்போம். அவர்களுடைய முறை வேறு, சுணங்கக் கூடாது. அது தெரிந்தும் வாசலில் நின்று எல்லாவற்றின் மேலும் கோபப்பட்டேன். பரீட்சை மேல், தொலைபேசி மேல், அந்த லொறி மேல். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை.

திருகோணமலை நகரத்தில் எங்கள் பெண்கள் பாடசாலையின் ஒரேயொரு இரசாயன ஆய்வுகூடத்தை நாங்கள் இருவரும் பன்னிரண்டு வருடம் பகிர்ந்துகொண்டோம். எனக்கு மூக்கின் மேல் கோபம். அவருக்கு உதட்டில் சிரிப்பு. உலகத்தில் நடப்பது எல்லாவற்றையும் இரசாயனத் தாக்கங்களாக வகைப்படுத்துவார். கல்யாணம் சேர்க்கை, காணிச் சண்டை பிரிகை. செல்வாக்கோடு ஒருவர் இடமாற்றம் பெற்று வந்து, எங்கள் கணித ஆசிரியை வெளியே போக நேர்ந்த அன்று, நான் கொதித்துக்கொண்டிருக்க, அவர் தேநீரை ஆற்றியபடி சொன்னார்: “ஒற்றை இடப்பெயர்ச்சி, டீச்சர். தாக்கம் கூடினது வந்தா, குறைஞ்சது வெளியால போகத்தான் வேணும்.” கணித ஆசிரியையே சிரித்துவிட்டார்.

அவருடைய கணவர் கடற்றொழில் செய்பவர். படகின் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அடியில் பூட்டும் நாக உலோகக் கட்டியை, பாதி கரைந்துபோனதை, பரீனா டீச்சர் வகுப்புக்குக் கொண்டுவருவார். நாகம் தன் இலத்திரன்களை முந்திக்கொண்டு விட்டுவிடும், அதனால் இரும்பு தப்பும். “பாவம் மிஸ், நாகம் தியாகம் செய்யுது” என்றாள் ஒரு பிள்ளை. “தியாகமுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. அதுக்கு இலத்திரனை வச்சிருக்க ஏலாது, விடுது. மனிசர்ட கதைய உலோகத்தில ஏத்தாதீங்க” என்றார் இவர். போன வாரம் இரங்கல் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, பரீனா டீச்சர் நாகத்தைப் போல் தன்னைக் கரைத்தவர் என்று உருக்கமாகப் பேசினார். நான் கதிரையில் இருந்தபடி சிரித்துவிட்டேன். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மாணவிகளின் பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்துவார். சக ஆசிரியர்களின் பிழைகளை மட்டும் பென்சிலால், அதுவும் ஓரத்தில், மெல்லிசாக எழுதுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “பிழையைக் காட்ட வேணும், ஆளைக் காட்டத் தேவையில்ல. அழிச்சிட்டு நீங்களே எழுதிக்கொள்ளலாம்” என்றார்.

இனி எழுதப்போவதைத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு தவணை, நகரப் பாடசாலைகள் பலவற்றுக்கும் பொதுவான வினாத்தாளையும் விடைத்திட்டத்தையும் நான் தயாரித்தேன். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் செம்புக் கம்பியை இட்டால் கம்பியில் வெள்ளி படியும், கரைசல் நீலமாகும். அதற்கு அயன் சமன்பாடு எழுதச் சொன்னேன். என் விடை: இடப்பக்கம் ஒரு செம்பு, ஒரு வெள்ளி அயன், வலப்பக்கம் ஒரு செம்பு அயன், ஒரு வெள்ளி. அணுக்களை எண்ணினேன், சரியாக இருந்தது. மின்னேற்றத்தை எண்ணவில்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இரண்டு. முதல் வருடப் பிள்ளை விடுகிற பிழை. வெள்ளிக்கு முன்னால் 2 போட்டுச் சரியாக எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் நான் புள்ளியை வெட்டியிருந்தேன்.

திருத்தி முடித்த மறுநாள் காலை என் மேசையில் இருந்த விடைத்திட்டத்தின் ஓரத்தில், பென்சிலில் சின்னதாக ஒரு 2. அதன் கீழே, “செம்பு இரண்டு இலத்திரன் விடுகிறது. வெள்ளி ஒன்றைத்தான் எடுக்கும். மற்றது எங்கே?” எனக்குக் காது சூடேறியது. அழிறப்பரை எடுத்து அழித்தேன். சமன்பாட்டில் வெள்ளிக்கு முன்னால் நீலப் பேனையால் 2 எழுதினேன். மற்றப் பாடசாலைகளுக்கு அறிவித்தேன். சனிக்கிழமை முழுவதும் அவர் என் பக்கத்தில் இருந்து எல்லா விடைத்தாள்களையும் திரும்பத் திருத்தித் தந்தார். யார் கண்டுபிடித்தது என்ற பேச்சே எங்களுக்குள் வரவில்லை.

அடுத்த மாதம் ஆசிரியர் கூட்டத்தில் பாடப் பொறுப்பாளர் என் பெயரைச் சொல்லி எழுப்பினார். தன் பிழையைத் தானே கண்டு, தானே திருத்திய ஆசிரியை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த பரீனா டீச்சரும் தட்டினார். “நான் இல்லை, இவர்” என்று சொல்ல இரண்டு நொடி போதும். நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்து நின்றேன். அதை அடக்கம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

பிறகு அவர் ஊர்ப் பாடசாலைக்கு மாறிப் போனார். ஞாயிறு தோறும் தொலைபேசியில் கதைப்போம். ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல நினைத்து, ஒவ்வொரு ஞாயிறும் இறால் விலையையும் மழையையும் கதைத்துவிட்டு வைத்தேன். அடுத்த கிழமை இருக்கிறது தானே என்று நினைத்தேன்.

அன்று அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பும்வரை நான் பெண்களோடு உள்ளே இருந்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உம்மா உங்கட கதைதான் எந்த நேரமும் கதைப்பா. நான் பிழை விட்டா ஏசமாட்டா. ‘அந்த டீச்சரைப் பாருங்க மகள், தன்ட பிழையைத் தானே கண்டு திருத்தின ஆள்’ எண்டுதான் சொல்லுவா.”

வீட்டுக்குள்ளும், பெற்ற பிள்ளையிடமும் கூட, அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “ஓம் மகள்” என்று மட்டும் என் வாயில் வந்தது. அந்த வீட்டிலும், அன்றைக்கும், நான் சொல்லவில்லை.

அந்த விடைத்திட்டம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பேனையால் எழுதிய 2 பளிச்சென்று நிற்கிறது. ஓரத்தில் அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. விரலால் தடவினால் தெரியும். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மெலிந்த இடம்தான்.

அவரை அறிந்தவர்களே, அன்று கைதட்டியவர்களே, மகளே, நீயும் இதை வாசி. அந்த இரண்டை நான் போடவில்லை. உன் உம்மா போட்டவர். நான் அழித்தேன்.