கைக்குக் கொஞ்சம் ரெஸ்ட்

நோயாளியின் கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டி முடித்ததும் பிரேமலா மணிக்கட்டுக்கும் கட்டுக்கும் நடுவில் தன் இரண்டு விரல்களை நுழைத்துப் பார்ப்பார். விரல்கள் இழுபடாமல் போய் வந்தால்தான் அந்தக் கட்டிலை விட்டு நகர்வார். போகுமுன் கிழவரின் உள்ளங்கையை ஒருமுறை தடவிவிட்டு, "கைக்குக் கொஞ்சம் ரெஸ்ட் கொடுத்திருக்கேன் ஐயா" என்பார். கட்டு என்ற சொல்லை நோயாளியின் காதுபட அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

யோங் பெங்கிலிருந்து அதிக தூரமில்லாத ஓர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் அவர் உதவியாளர். துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது, எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போவது, உயிர் போனவரைக் கழுவிப் போர்த்துவது எல்லாம் அவர் வேலை. கட்டுவதும் அதில் ஒன்று. டாக்டர் சொல்கிறார், வீட்டார் கையெழுத்துப் போடுகிறார்கள், நர்ஸ் மிஸ்ஸி அலமாரியிலிருந்து துணியை எடுத்துத் தருகிறார். கட்டுகிற கை பிரேமலாவுடையது.

ஐம்பதைத் தாண்டிய குட்டையான உடம்பு. சாஆ ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கணவர் செல்வா சிங்கப்பூரில் வேலை செய்து வார இறுதியில் வீட்டுக்கு வருகிறவர். சட்டைப் பையில் எப்போதும் ஆசாம் பொய் இருக்கும், அந்த உப்பும் புளிப்புமான காய்ந்த பழம். மலம் துடைக்கப் போகுமுன் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்வார். "இது இருந்தா நாத்தம் தொண்டைக்குள்ள எறங்காது" என்று என்னிடமும் ஒன்றை நீட்டினார். என் மச்சான் சுகுமாறன் சர்க்கரைப் புண்ணோடு அந்த வார்டில் கிடந்த நாட்கள் அவை. மதியமும் மாலையும் போவேன். அப்படித்தான் அவரைப் பார்க்கத் தொடங்கினேன்.

வேலை செய்துகொண்டே பேசுவார். பதில் வருகிறதா என்பதைப் பற்றிக் கவலையில்லை. காலையில் பெய்த மழை, ஹைவேயில் கவிழ்ந்த செம்பனை லாரி, பக்கத்து வீட்டுக்காரன் வெட்டிப்போட்ட ரம்புத்தான் மரம் என்று சீனக் கிழவருக்கும் மலாய்க் கிழவருக்கும் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருப்பார். இளைய மிஸ்ஸிகள் சிரிப்பார்கள். அவர்களுக்கு அவர் 'காக் பிரேம்'. பிரேம் அக்கா. அந்த வார்டில் அப்போது தமிழ் தெரிந்த ஊழியர் அவர் ஒருவர்தான்.

மீரா சாகிபு வந்தபோது அதுவே அவருக்கு வினையாயிற்று.

மீரா சாகிபு டவுனில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடைக்குப் பின்னால் மசாலா அரைக்கும் மில். எண்பதை நெருங்கியவர், நகக்கண்களில் மட்டும் மஞ்சள் இன்னும் போகவில்லை. நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலில் புத்தி தடுமாறிய நிலையில் கொண்டுவந்தார்கள். முதல் நாளே கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிப் போர்வையெல்லாம் ரத்தமாக்கினார். மறுநாள் மூக்கு வழியாகப் போட்டிருந்த உணவுக் குழாயை உருவினார். மகன் அப்துல் பாசித் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டு, கட்டுவதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். மனைவி பரக்கத் நிஷாவுக்கு முட்டி வலி. யாராவது காரில் ஏற்றிவந்தால் மாலையில் வந்து உட்காருவார். பக்கத்தில் ஆள் இருந்தால் கட்டை அவிழ்த்துவிடலாம் என்பது வார்டு வழக்கம். அந்த ஒரு மணி நேரம் கிழவரின் கை அந்த அம்மாளின் மடியில் கிடக்கும். மற்ற நேரமெல்லாம் கட்டில் கம்பியோடு.

தலைமாட்டில் ஆக்சிஜன் இரைந்துகொண்டேயிருக்கும். அந்த இரைச்சல் அவருக்கு மில் சத்தமாகக் கேட்டது.

"மில்லு ஓடுது புள்ள. யாரும் நிப்பாட்டலியே. மொளகா கருகுது, கைய அவுத்து வுடு."

நாள் முழுக்க இதே பேச்சுதான். இழுத்து இழுத்து மணிக்கட்டுகள் கன்றிப்போயின. இரண்டு விரல் இடம் விட்டுக் கட்டினாலும் இழுக்கிறவருக்கு அது போதவில்லை. "என்ன சொல்கிறார்?" என்று மலாய் மிஸ்ஸி கேட்டபோது, தண்ணீர் கேட்கிறார் என்று பிரேமலா சொன்னது என் காதில் விழுந்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "மில்லுன்னு சொன்னா அவங்களுக்கு என்னா வெளங்கும்? மத்தவங்களுக்கு அது சத்தம். எனக்குத்தான் பேச்சா கேட்டுத் தொலையுது" என்றார். அந்தக் கட்டில் பக்கம் போகும்போது மட்டும் அவருடைய மழைக் கதையும் மரக் கதையும் நின்றுவிடும்.

அந்த மதியம் நான் அங்கே இல்லை. மச்சான் சொல்லியும் பிறகு பிரேமலாவே சொல்லியும் அறிந்ததுதான்.

மீரா சாகிபுவுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. மில்லைப் பற்றிப் பேசவில்லை. மணி என்ன என்று கேட்டார். சொன்னதும், லுஹர் தொழுகை நேரம் வந்துவிட்டதா என்று கேட்டார். குரல் தெளிவாக இருந்ததாம், கடையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. பிறகு சொன்னார்:

"கையத் தொறந்து வுடு புள்ள. தொழுதுட்டு நானே நீட்டுறேன், நீ கட்டிக்க."

பிரேமலா வார்டுப் பொறுப்பாளரான சிஸ்டரின் மேசைப் பக்கம் பார்த்திருக்கிறார். அங்கே யாரும் இல்லை. இரண்டு கைகளையும் அவிழ்த்துத் தலைமாட்டை உயர்த்தி உட்கார வைத்தார். கிழவர் தண்ணீருக்குப் பதிலாகச் சுவரில் உள்ளங்கைகளை வைத்து எடுத்து முகத்தைத் தடவிக்கொண்டார். கைகளைக் காது வரை உயர்த்தித் தொழுகையைத் தொடங்கும் தக்பீர் கட்டினார். நடுக்கம்கூட இல்லை என்று பிரேமலா சொன்னார். பிரேமலா கட்டில் ஓரத்திலேயே நின்றார். முடியும்வரை நிற்பதாகத்தான் எண்ணம்.

வார்டின் மறு கோடியில் லாரிக்காரர் காளிதாஸ் கட்டிலிலிருந்து சரியத் தொடங்கினார். ஒரு கால் தரைக்கு வந்துவிட்டது. ஓடிப்போய் அவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் சத்தம் கேட்டது. பிரேமலாவுக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

மீரா சாகிபு தரையில் கிடந்தார். கட்டில் கம்பியைத் தாண்டி இறங்கியிருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்ய இறங்கினாரா, மில்லை நிறுத்த இறங்கினாரா, யாருக்கும் தெரியாது. மச்சானின் கட்டிலுக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவே திரை இழுத்திருந்ததால் மச்சானும் பார்க்கவில்லை.

சிஸ்டர் கேட்டதும் நான்தான் அவிழ்த்தேன் என்று பிரேமலா உடனே சொல்லிவிட்டார். துணி தளர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாமே என்று கூட வேலை செய்கிறவர்கள் பின்னால் சொன்னார்களாம். "ரெண்டு கையும் ஒரேயடியா தளருமா லா" என்றார் என்னிடம்.

மாலையில் மகன் வந்தார். முந்தின வாரம் தகப்பனாரின் கன்றிய மணிக்கட்டைப் பார்த்து, மனிதனை மாடு மாதிரிக் கட்டியிருக்கிறீர்களே என்று கத்தியவர் அவர்தான். இப்போது ஏன் அவிழ்த்தாய் என்று கத்தினார். பிரேமலா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெளி வராந்தாவில் அவரே, "பாவம் லா அந்தப் புள்ள. எத நெனச்சுக் கோபப்படறதுன்னு அவருக்கே தெரியல" என்றார்.

மகன் டாக்டரைப் பார்க்கப் போனதும் பரக்கத் நிஷா பிரேமலாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"தங்கச்சி, விழறப்போ தொழுகையிலதான் இருந்தாரா?"

"ஆமாம்மா. தொழுதுக்கிட்டுத்தான் இருந்தாரு."

"நீ பாத்தியா?"

"பாத்தேம்மா."

அந்த அம்மாள் கண்ணை மூடி என்னவோ ஓதினார். பிடித்த கையை விடவில்லை. பிரேமலா அவர் முகத்தைப் பார்க்காமல் கட்டில் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நெஞ்சு அந்த நிலையில் இருக்கும்போது இடுப்புக்கு ஆப்பரேஷன் செய்ய முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வலி மருந்தில் பாதித் தூக்கமாகவே மீரா சாகிபு கிடந்தார். கைகளைக் கட்டத் தேவையிருக்கவில்லை, அவற்றைத் தூக்கவே தெம்பில்லை. சில நாட்களில் மூச்சு நின்றது. அன்று பிரேமலா வேலையில் இருந்தார். ஜமாத்திலிருந்து ஆட்கள் வந்து உடலை எடுத்துக்கொண்டு போகும்வரை அந்தப் பக்கம் நின்றார் என்று மச்சான் சொன்னார். ஜனாஸா அடக்கத்துக்கு அவர் போகவில்லை. போக முகமில்லை என்றார்.

விசாரணை நடந்தது. எச்சரிக்கையோடு விட்டார்கள். பெண்கள் வார்டுக்கு மாற்றிவிடட்டுமா என்று சிஸ்டர் பரிவாகத்தான் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றுவிட்டார். காரணம் கேட்டேன். "அங்கயும் துணி இருக்கு" என்றார். அவிழ்த்தது தப்பா என்று கேட்கவும் எனக்கு ஆசையிருந்தது, கேட்கவில்லை. அவராகவே ஒருநாள், "கட்டலன்னா விளுந்துருவாங்க. கட்டுனா அளுவாங்க. வெளங்காத மாதிரி இருக்கப் பளகணும், எனக்கு அது வர மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மில்லைப் பற்றியோ தொழுகையைப் பற்றியோ பிறகு அவர் பேசவேயில்லை.

இப்போதும் அதே வார்டில்தான் இருக்கிறார். மச்சானுக்குப் புண் மறுபடி சீழ் பிடித்துப் போன மாதம் திரும்பச் சேர்த்தோம். எதிர்க்கட்டிலில் ஒரு சீனக் கிழவர், இரண்டு கைகளும் கட்டப்பட்டிருந்தன. பேசுவது ஹொக்சியூ என்ற சீனக் கிளைமொழி. பிரேமலாவுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. அவரைப் பார்க்க யாரும் வந்து நான் காணவில்லை.

மதிய இடைவேளைக்கு மற்ற ஊழியர்கள் கேண்டீனுக்குப் போனார்கள். பிரேமலா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து அந்தக் கிழவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு கையின் கட்டை அவிழ்த்தார். கிழவர் கை உடனே காற்றில் துழாவி, அகப்பட்ட அவருடைய இடது கையை இறுகப் பற்றிக்கொண்டது. பிரேமலா விடுவித்துக்கொள்ளவில்லை. பொட்டலத்தை மடியில் இடுக்கி, ரப்பர் பேண்டைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். வார்டுக்குள் சாப்பிடக் கூடாது. சிஸ்டர் அந்தப் பக்கம் வந்து, நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கிழவர் என்னவோ சொல்லிக்கொண்டேயிருந்தார். பிரேமலா சாப்பிட்டபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறி, கிழவர் தூங்கிப்போனார். கேண்டீனுக்குப் போனவர்கள் திரும்பி வரும் சத்தம் படியில் கேட்டது. பிரேமலா காலிப் பொட்டலத்தைச் சுருட்டிக் கீழே வைத்துவிட்டு, அவிழ்த்த துணியை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, கிழவர் விழித்துவிடாதபடி, தன் கையைப் பற்றியிருந்த விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விலக்கினார்.