அமெரிக்கக்காரனின் முழங்கால்

அந்த வருடம் அக்டோபர் மாதம் முழுக்க, திங்கட்கிழமை என்றால் காலை ஆறரைக்கே பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்பேன். ஷட்டரைத் தூக்கியதும் முதல் ஆளாக உள்ளே போய் உட்காருவேன். நேரில் பார்த்தே இராத ஓர் அமெரிக்கக்காரனுக்குக் கை கால் நல்லபடியாக இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும்.

அவன் அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவதென்று நொடியில் முடிவெடுக்கிறவன். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆடினால் நமக்குத் திங்கள் காலையில்தான் முடிவு தெரியும். அவன் எண் போட்ட ரசிகர் பனியன்கள்தான் எங்கள் திருப்பூர் கம்பெனியில் அப்போது ஓடிக்கொண்டிருந்தன. எண்ணை அச்சடிக்க, சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஒப்புதல் இன்னும் வரவில்லை. சீசனுக்குள் சரக்கு போய்ச் சேர வேண்டுமே என்ற அவசரத்தில், "அப்ரூவல் வந்துருச்சு" என்று நல்லூர் பிரிண்டிங்காரரிடம் பொய் சொல்லி, பாதி சரக்குக்கு அச்சடிக்க வைத்துவிட்டேன். முதலாளிக்குத் தெரியாது. அவன் அடிபட்டு விழுந்தால் அந்த எண் பையருக்கு வேண்டாததாகிவிடும், என் பொய் வெளியே வரும், வேலையும் போய்விடும்.

முதலாளிக்கு அந்த ஆட்டத்தை விளக்கியதே நான்தான். கோச் மைதானத்துக்கு வெளியே நின்றபடி, வீரனின் தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் அடுத்து என்ன செய்வதென்று சொல்வார் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப ஜெயிக்கறது வெளிய நிக்கறவருதானுங்க தம்பி. முறையப் போட்டுக் குடுத்துட்டா ஆரு வேணாலும் எறியலாமுங்க."

"இல்ல சார், ஆளுதான் முக்கியம். சொல்லிக்கொடுத்தா வந்துருமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்து, பையர்களை ஆங்கிலத்தில் சமாளிக்கிற ஒரே ஆள் நான். அந்த ஆபீஸின் குவார்ட்டர்பேக் நான்தான் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அவர் சிரித்துவிட்டு, மெயில், அளவு, சாம்பிள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஃபைலில் போட்டு வைக்கச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே போட்டு வைத்தேன்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், அவன் முழங்கால் போய்விட்டது. அவனைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிப்போகிற படம் திரையில் இருந்தது. அதுவரை பெஞ்சில் கிடந்த இன்னொருவன் இறங்கி, கோச் சொன்னதைச் சொன்னபடி செய்து ஜெயித்துவிட்டான் என்று கீழே எழுதியிருந்தது. காய்ச்சல் என்று ஆபீஸுக்கு போன் செய்தேன். மதியம் நிஜமாகவே காய்ச்சல் அடித்தது. இரண்டு நாள் போர்வைக்குள் கிடந்தேன். செல்போன் அடித்துவிடுமோ என்று முதல் நாள் பயம். ஏன் அடிக்கவே இல்லை என்று இரண்டாம் நாள் அதைவிடப் பயம்.

புதன்கிழமை போனபோது என் நாற்காலியில் என் உதவியாளர் உட்கார்ந்திருந்தாள். சாமளாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், என் எதிரில் ஆங்கிலத்தில் வாய் திறந்ததே இல்லை. என் ஃபைலைப் பிரித்து வைத்து, வரிவரியாக விரல் ஓட்டியபடி பையரின் சென்னை ஆபீஸோடு போனில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். அச்சானதை அப்படியே எடுத்துக்கொள்ள அவர்கள் சம்மதித்திருந்தார்கள். மீதிக்குப் புது ஆளின் எண்.

"சார், அப்ரூவல் மெயில் மட்டும் ஃபைல்ல இல்லீங்க," என்றாள், குரலைத் தாழ்த்தி.

பின்னால் முதலாளி நின்றிருந்தார். உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். அவர் என் தோளில் கை வைத்தார்.

"பயப்படாதீங்க தம்பி. ஊட்டுக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுங்க. அவசரமே இல்லீங்க. எல்லாந்தான் ஃபைல்ல இருக்குதுங்களே."